குளிரூட்டி ஏன் குளிரவில்லை?

நாவற்குடாவிலே கிழக்கே நடந்தால் கடல். மேற்கே நடந்தால் வாவி. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இம்மணல் நிலத்தில் உப்புக் காற்றுக்குத் தப்பிய உலோகம் அரிது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அனலாய் வீசும்போது, வெயிலில் நின்ற காருக்குள் ஏறி அமர்வது அடுப்பருகே அமர்வதற்கு ஒப்பாகும். அவ்வேளையில் குளிரூட்டியை முடுக்கினால், குளிர்ந்த காற்றுக்குப் பதிலாக வெப்பக் காற்றே முகத்தில் அடிக்கிறது. பழைய கார் வைத்திருப்போர் பலர் அறிந்த இத்தொல்லையைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகிறேன்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன், கலைப் பட்டதாரி, பாடசாலை அதிபர். எனினும், 1990களின் தொடக்கத்தில் யப்பானில் செய்யப்பட்ட கார் ஒன்றை வைத்திருப்பதால், இவ்விடயத்தைப் பணம் கொடுத்துக் கற்றேன். ஒரே ஆண்டில் மூன்று முறை “கேஸ் குறைந்துவிட்டது” என்று சொல்லி நிரப்பித் தந்தார்கள். ஒவ்வொரு முறையும் சில வாரங்களே குளிர்ந்தது. பின்னர் ஒருநாள் நண்பகலில், முதுமையடைந்த என் தாயாரை மட்டக்களப்பு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். கல்லடிப் பாலத்தை அடையுமுன்பே அவர் வெக்கை தாளாது சோர்ந்து சாய்ந்துவிட்டார். நிரப்பிய கேஸ் எங்கே போகின்றது என்று கேட்க எனக்கு அன்றுதான் தோன்றியது.

இதற்கு விடை காண, குளிர்ச்சி பிறக்கும் வகையை அறிதல் வேண்டும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காரின் குளிரூட்டியும் இவ்விதிப்படியே இயங்குகிறது. பானை நீர் ஆவியாகிக் காற்றோடு போய்விடும். காரிலோ ஆவியானதைப் பிடித்து மீண்டும் திரவமாக்குகிறோம்.

எஞ்சினோடு பட்டியால் இணைந்த கம்பிரசர் கேஸை அமுக்குகிறது. அமுக்குண்டு சூடேறிய கேஸ், காரின் முன்புறத்திலுள்ள கண்டென்சரில் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பின்னர் ஒடுங்கிய வால்வு ஒன்றின் வழியே பாய்ந்து, உள்ளேயிருக்கும் ஆவியாக்கியில் மீண்டும் ஆவியாகிறது. அதன்மீது படிந்து வரும் காற்றே நமக்குக் குளிர்ச்சி தருவது. இச்சுற்று முழுவதும் மூடியது. பெற்றோல் எரிந்து தீர்வதுபோல் இங்கே கேஸ் தீர்வதில்லை. இறப்பர்க் குழாய்களின் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கசிதல் இயல்பே. சில வாரங்களிலேயே குறையுமாயின், எங்கோ ஓட்டை உண்டு என்பதே பொருள்.

ஆனால் குளிராமைக்கெல்லாம் ஓட்டையே காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. பிணியை அறிந்த பின்பே மருந்து.

முதலில், காற்று போதிய அளவு வருகின்றதா என்று பாருங்கள். வராவிடில் காற்று வடிகட்டியோ ஆவியாக்கியோ தூசியால் அடைபட்டிருக்கலாம், விசிறியும் பழுதாயிருக்கலாம். காற்று நன்கு வந்தும் குளிராவிடில், எஞ்சின் ஓடும்போது முன்மூடியைத் திறந்து, ஆடையும் கையும் பட்டியில் படாதவாறு எட்டி நின்று கவனியுங்கள். குளிரூட்டியை முடுக்கியதும் ‘டக்’ என்ற ஓசையுடன் கம்பிரசரின் முன்தட்டு சுழல வேண்டும். சுழலாவிடில், பியூஸ், ரிலே, கம்பிரசரின் மின்காந்தக் கிளச்சு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கேஸ் மிகக் குறைந்தாலும் கம்பிரசரைக் காக்கும் அழுத்த ஆளி மின்னோட்டத்தை நிறுத்திவிடும்.

ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிராவிடில், கண்டென்சரின் விசிறியை ஐயுறலாம். அல்லது அதன் இதழ்களில் சேறும் பூச்சிகளும் அடைந்திருக்கும். மெல்லிய நீர்த்தாரையால் கழுவினாலே சில கார்கள் குணமாகும். சிறிது நேரம் குளிர்ந்து, பின்பு காற்றே குறைந்துபோனால், ஆவியாக்கியில் பனிக்கட்டி படிந்துள்ளது எனலாம். குளிர்வதும் நிற்பதுமாக மாறி மாறி வருமாயின், சுற்றினுள் ஈரம் புகுந்து வால்வில் உறைந்திருக்கலாம். காரின் அடியில் நீர் சொட்டுவது பழுதன்று. அது காற்றிலிருந்து பிரிந்த ஈரமே.

இனி ஓட்டையைக் காண்பது எப்படி? கேஸுடன் எண்ணெயும் சுற்றி வருவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பசையுடன் தூசி ஒட்டியிருக்கும். என் காரில், உப்புக் காற்று நேரே மோதும் கண்டென்சரின் கீழ் மூலையில், அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடி பூத்த இடத்தில் அது காணப்பட்டது. ஐயமிருப்பின் நைதரசன் வாயுவை அழுத்தத்தில் ஏற்றி, சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பார்கள். பழுதை நீக்கியதும், ஈரமுறிஞ்சியையும் மாற்றி, வெற்றிடப் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, முன்மூடியின் கீழ் ஒட்டியுள்ள குறிப்பின்படி கேஸை நிறுத்து நிரப்ப வேண்டும். மிகுதியாக நிரப்பினாலும் குளிர்ச்சி குறையும்.

குழாய்களை நாமே கழற்றுதல் ஆகாது. சீறி வரும் திரவம் தோலையும் கண்ணையும் உறையச் செய்துவிடும். சமையல் கேஸை நிரப்புதலோ தீயை விலைக்கு வாங்குவதாகும். 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய கார்களிற் பல ஆர்-12 என்னும் கேஸுக்காகச் செய்யப்பட்டவை. அது ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை அதனை விலக்க வழி செய்தது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. பின்வந்த ஆர்-134ஏ ஓசோனை அரிப்பதில்லை. எனினும் புவியை வெப்பமாக்கும் வலிமை கரியமிலவாயுவைவிட அதற்கு ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆர்-12 காருக்கு அதனை இடுவதாயின், எண்ணெயையும் இறப்பர் வளையங்களையும் ஏற்றவாறு மாற்றுதல் வேண்டும். ஆகவே, ஓட்டையை அடைக்காது கேஸை மட்டும் நிரப்புகிறவர் தம் பணத்தை மட்டும் அன்றி, எல்லார்க்கும் பொதுவான வானத்தையும் வீணாக்குகிறார்.

தவணைதோறும் பின்தங்கும் மாணவனுக்குப் புள்ளியைக் கூட்டிப் போட்டு மேல்வகுப்புக்கு அனுப்பும் ஆசிரியரை நாம் பாராட்டுவதில்லை. அவன் எதை விளங்கிக்கொள்ளவில்லை என்று கண்டறிபவரே ஆசிரியர். கார் திருத்துபவரிடம் செல்லும்போதும், “கேஸ் போடுங்கள்” என்னாது, “எங்கே கசிகிறது என்று காட்டுங்கள்” என்று கேளுங்கள். கண்டென்சரை மாற்றுவதற்கு எனக்கு ஆன செலவு, மூன்று முறை வீணே நிரப்பியதற்கு ஆனதைவிடக் குறைவு. மாரிகாலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் குளிரூட்டியை இயக்கி வருகிறேன். எண்ணெய் ஓடி, கம்பிரசரின் அடைப்புகள் உலராதிருக்க அது உதவும். அடுத்த கச்சான் காலத்தில் தாயார் என்னுடன் அதே பாலத்தைக் கடந்தார். குளிர் கூடிவிட்டது, சிறிது குறை என்றார்.