நாரா, பிளாஸ்டிக்கா?

இங்கிலாந்தில் வயல்களுக்கு நடுவே இருக்கும், வானில் எறியப்படும் தட்டுகளைச் சுடும் மைதானங்கள் பலவற்றில், நுழையும்போதே ஒரு நிபந்தனை சொல்லிவிடுவார்கள்: நார்த்தக்கைத் தோட்டா மட்டும்தான். துப்பாக்கி எந்தக் கம்பெனி, என்ன விலை என்று யாரும் விசாரிப்பதில்லை. தோட்டாவுக்குள் ஒளிந்துகிடக்கும் அடைப்பு எதனால் ஆனது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அமெரிக்காவில் இந்தக் கேள்வி எழுவதே அபூர்வம். அங்கே பிளாஸ்டிக்தான் வழக்கம்.

ஷாட்கன் தோட்டாவை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், அடியில் உலோகத் தொப்பியும் அதன் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் இருக்கும். அதற்கு மேல் மருந்து, மருந்துக்கு மேல் தக்கை, தக்கைக்கு மேல் ரவைகள். நம் ஊர் நாட்டுத்துப்பாக்கியில் கரிமருந்தைப் போட்டு, நாரோ துணியோ திணித்து, கம்பியால் இடித்துக் கெட்டித்த பிறகுதானே பால்ரஸைப் போடுவார்கள்? அந்த இடைத்திணிப்பு செய்யும் வேலைதான் தக்கைக்கும். வெடிக்கும் வாயு ரவைகளுக்கிடையே புகுந்து வீணாகாமல் அடைக்க வேண்டும். ரவைகளை மொத்தமாக முன்னே தள்ள வேண்டும். முதல் அடியின் அதிர்ச்சியைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

அந்த அடி சாதாரணமானதல்ல. அதிகம் புழங்கும் 12 போர் துப்பாக்கியின் குழல் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். தட்டு சுடும் தோட்டாவில் பெரும்பாலும் 28 கிராம் ரவை இருக்கும். ஒவ்வொரு ரவையும் 2.4 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 350 ரவைகள். அசையாமல் கிடந்த இந்தக் குவியல், முக்கால் மீட்டருக்கும் குறைவான குழலைக் கடந்து வெளியே வரும்போது நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 11,000 மடங்குக்கு மேல். அதாவது குழலுக்குள் ஓடும் அந்தச் சில மில்லிநொடிகளுக்கு, 28 கிராம் ரவை 300 கிலோவுக்கு மேல் கனக்கிறது. அத்தனை பாரமும் அடிவரிசை ரவைகள் தலையில். ஈயமோ மெத்தென்ற உலோகம். அடியில் இருப்பவை நசுங்கும்; ஓரத்தில் இருப்பவை எஃகுக் குழலில் உரசி ஒரு பக்கம் தட்டையாகும். உருண்டை வடிவம் கெட்ட ரவை காற்றில் நேராகப் போகாது, வேகமும் சீக்கிரம் குறையும். கூட்டத்தை விட்டு விலகி எங்கோ போய் விழும்.

ரவைகளைச் சிதறாமல் கட்டிக்காக்க வேண்டும் என்ற ஆசை பிளாஸ்டிக்கைவிட மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே லண்டனில் ஈலி கம்பெனி, ரவைகளைக் கம்பிவலைக் கூண்டுக்குள் அடைத்து விற்றது. இன்றைய வடிவம் 1960களில் வந்தது. 1965இல் வின்செஸ்டர் கொண்டுவந்த ஏஏ வகைத் தோட்டா அதில் பேர்போனது. ஒரே வார்ப்பில் மூன்று பகுதிகள்: அடியில் வாயுவை அடைக்கும் பாவாடை, நடுவில் மடங்கிக்கொடுக்கும் கால்கள், மேலே ரவைகளை ஏந்தும் கிண்ணம். கிண்ணத்தின் சுவர் இதழ்களாகக் கீறப்பட்டிருக்கும். குழலை விட்டு வெளியே வந்ததும் இதழ்கள் விரிந்து காற்றில் தடைபட, கிண்ணம் பின்தங்கிவிடும். ரவைகள் மட்டும் முன்னே போகும். நார்த்தக்கை இதைவிட எளிமையானது. அழுத்திய மரநாரில் செய்த உருளை, அவ்வளவுதான். அது பின்னாலிருந்து தள்ளும். ஓர ரவைகளுக்கும் குழலுக்கும் நடுவே மறைப்பாக எதுவும் இருக்காது.

இந்த வித்தியாசத்தை அளந்தும் பார்க்கலாம். 40 கெஜத் தொலைவில் பெரிய தாளைக் கட்டிச் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீத ரவை விழுந்தது என்று எண்ணுவது பழைய முறை. குழல்வாயைக் குறுக்கும் சோக், ரவைக் கூட்டத்தை இறுக்கும். முழு சோக்கில் சுமார் 70 சதவீதமும், சோக்கே இல்லாத குழலில் சுமார் 40 சதவீதமும் வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது கணக்கு. அதே துப்பாக்கியில், அதே சோக்கில் சுட்டால் பிளாஸ்டிக் தோட்டா பொதுவாகக் கூட்டத்தைச் சற்று இறுக்கமாக வைத்திருக்கும். டிராப் என்ற தட்டு சுடும் போட்டியில் கலந்துகொள்பவர்கள் பிளாஸ்டிக்கை விரும்புவது இதனால்தான். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்றது இந்த டிராப்பில்தான். அங்கே 24 கிராம் தோட்டாதான் அனுமதி. தட்டின் விட்டமோ 11 சென்டிமீட்டர்தான். அதுவும் சுடுபவரை விட்டு விலகிப் பறந்துகொண்டே இருக்கும். கூட்டத்தில் ஒரு ஓட்டை விழுந்தாலும் தட்டு தப்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்குச் சுடுகிறவருக்கு இதெல்லாம் அவ்வளவு பெரிய விஷயமில்லை என்பது என் கருத்து. 20 கெஜத்தில் கடக்கும் தட்டுக்குக் கூட்டம் கொஞ்சம் விரிந்திருப்பதே வசதி. தூரத் தட்டு என்றால் ஒரு படி இறுக்கமான சோக்கைப் போட்டுக்கொண்டால் போதும். பிளாஸ்டிக் போட்டால் தோளில் உதைப்பது பாதியாகிவிடும் என்று சொல்கிறவர்களையும் அப்படியே நம்ப வேண்டாம். முன்னே போகும் எடையும் வேகமும் எவ்வளவோ அவ்வளவுக்குத் துப்பாக்கி பின்னே வரும். இது நியூட்டன் கணக்கு. மடங்கும் கால்கள் உதையின் கூர்மையைக் கொஞ்சம் மழுப்பலாம், அளவைக் குறைக்க முடியாது. உதை வலித்தால் 28 கிராமை விட்டு 24 கிராமுக்கு வருவதே வழி.

மைதானக்காரர்கள் நாரைக் கேட்பது குறிபார்க்க அல்ல, நிலத்துக்காக. பிரிட்டனில் தட்டு சுடும் இடமும் வேட்டை நடக்கும் இடமும் பெரும்பாலும் யாரோ ஒருவரின் விவசாய நிலம். ஆடுமாடு மேயும் புல்லில் ஆயிரக்கணக்கான பாலித்தீன் கிண்ணங்கள் கிடந்தால் எந்த விவசாயி பொறுப்பார்? காலித் தோட்டா சுட்டவரின் காலடியில் விழுகிறது, பொறுக்கிவிடலாம். தக்கை முன்னே எங்கோ புல்லுக்குள் விழுவதால் தேடிப் பொறுக்க ஆளில்லை. நார் மழையில் ஊறிப் பிரிந்து மண்ணோடு போகும். பிளாஸ்டிக் பிசிறாகும், போகாது. வடகிழக்கு அட்லாண்டிக் கடற்கரைகளில் குப்பையை எண்ணும் ஓஸ்பார் கணக்கெடுப்பில் ஷாட்கன் தோட்டாவுக்கென்றே தனி வகை உண்டு.

ஆனால் நார்த்தக்கை போட்டுவிட்டதால் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று திருப்திப்படுகிறவரிடம் ஒரு கணக்கைக் கேட்கத் தோன்றுகிறது. நூறு தட்டு சுட்டால் நிலத்தில் விழும் ஈயம் 2.8 கிலோ. கிராம்கணக்கில் விழும் பிளாஸ்டிக்கைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர்கள், கிலோக்கணக்கில் விழும் நச்சு உலோகத்தை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. வாத்துகள் இரையை அரைக்கச் சிறு கல்லை விழுங்கும்போது ஈய ரவையையும் சேர்த்து விழுங்கிச் சாகின்றன என்பது புதிய செய்தியல்ல. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுக்கத் தடுத்தது. டென்மார்க் 1996இல் ஈய ரவைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. இங்கிலாந்தில் 1999 முதல் வாத்தினப் பறவைகளைச் சுட ஈயம் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரி முதல் தடை. பிரிட்டனின் ஒன்பது வேட்டை, கிராமப்புற அமைப்புகள் 2020 பிப்ரவரியில் கூடி, ஐந்தாண்டுக்குள் ஈயத்தையும் ஒருமுறைப் பிளாஸ்டிக்கையும் தாமாகவே கைவிடுவோம் என்று அறிவித்தன. தானாக நடக்கவில்லை. 2025 ஜூலையில் அரசே தடையை அறிவித்து, மாறிக்கொள்ள மூன்றாண்டு அவகாசம் கொடுத்தது.

சிக்கல் இங்கேதான் தலைகீழாகிறது. ஈயத்துக்கு மலிவான மாற்று எஃகு ரவை. அது நசுங்காது, அதனால் கூட்டம் இறுக்கமாகவே போகும். அடர்த்தி குறைவு என்பதால் இரண்டு அளவு பெரிய ரவை எடுத்தால் சரிக்கட்டலாம். ஆனால் அது குழலைக் கீறும். ரவைக்கும் குழலுக்கும் நடுவே கெட்டியான கிண்ணம் இருந்தே ஆக வேண்டும். ஈயத்துக்குக் கிண்ணம் ஒரு சௌகரியம், எஃகுக்கு அது கட்டாயம். ஆக ஈயத்தை விரட்டினால், விரட்டிய பிளாஸ்டிக் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. தண்ணீரில் கரையும் கிண்ணம், மண்ணில் மக்கும் கிண்ணம் என்று தோட்டாக் கம்பெனிகள் சில ஆண்டுகளாக முட்டிமோதுவது இதற்குத்தான். அது எளிதான வேலையல்ல. குழலுக்குள் பல நூறு பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், அலமாரியில் ஆண்டுக்கணக்கில் ஈரம் படாமல் இருக்க வேண்டும், புல்லில் விழுந்ததும் கரைந்துபோக வேண்டும். ‘மக்கும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், எங்கே, எத்தனை வெப்பத்தில் என்று கேட்பது நல்லது. மக்குரம் தயாரிக்கும் ஆலையின் சூட்டில் மக்குவது வேறு, டிசம்பர் மாத ஸ்காட்லாந்துச் சேற்றில் மக்குவது வேறு.

தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். குழல் மெல்லியது, சோக் இறுக்கமானது, எஃகைத் தாங்குமா என்று சோதனைச் சாலையில் காட்டிக் கேட்க வேண்டும். அவர்களுக்கு பிஸ்மத் ரவை இருக்கிறது. எஃகைவிட மென்மையானது என்பதால் பழைய நார்த்தக்கையோடே சுடலாம், குழலுக்கு ஆபத்தில்லை. விலைதான் ஈயத் தோட்டாவைப்போல் பல மடங்கு.