மாசிப்பட்டத்தில் வீட்டுத்தோட்டம்: முதலில் குடத்தை எண்ணுங்கள்

மாசி பிறந்ததும் வீட்டின் கொல்லைப்புறத்தைக் கொத்தி, கையில் கிடைத்த பத்து வகை விதையையும் ஊன்றிவிடுகிறோம். பங்குனி வரை பசுமையாக இருக்கும் தோட்டம் சித்திரையில் கருகிவிடுகிறது. விதை சரியில்லை, மண் சரியில்லை என்கிறோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. ஆடியில் விதைத்தால் பின்னால் மழை வரும். மாசியில் விதைத்தால் பின்னால் வருவது கத்திரி வெயில். ஆகவே மாசிப்பட்டத் தோட்டத்தின் பரப்பை இடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தண்ணீரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாத்திக்கு ஒரு குடம்

கோடையில் நம் சமவெளிப் பகுதிகளில் பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 5 மில்லிமீட்டர் நீரை இழக்கின்றன. உச்ச வெயிலில் இது இன்னும் கூடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். அப்படியானால் ஒரு சென்ட் நிலத்துக்குத் தினமும் 200 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடத்தில் 13 குடத்துக்கு மேல். கோடையில் இதை யார் சுமப்பது?

அதனால் 4 அடி அகலம், 8 அடி நீளத்தில் மூன்று பாத்திகள் மட்டும் போடுங்கள். ஒரு பாத்தி சுமார் 3 சதுர மீட்டர். நாளைக்கு ஒரு குடம் போதும். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், துணியைக் கடைசியாக அலசிய நீர் ஆகியவற்றைச் சேர்த்தாலே பல வீடுகளில் மூன்று குடம் தேறும். சோப்புத்தூள் கலந்த நீரைப் பாத்தியில் விடாதீர்கள். மண்ணில் உவர் சேரும். தென்னை இருந்தால் அதற்கு விடலாம்.

இரண்டு குடம்தான் கிடைக்கும் என்றால் இரண்டு பாத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ந்துபோகும் மூன்று பாத்தியைவிடக் காய்க்கும் இரண்டு பாத்தி மேல்.

எரு, மூடாக்கு

கோடைக்கு மேட்டுப்பாத்தி ஆகாது. தரைமட்டத்துக்கு நான்கு அங்குலம் கீழே பள்ளப்பாத்தி எடுங்கள். ஊற்றிய தண்ணீர் அங்கேயே நிற்கும். கோடை மழை கொட்டினால் வரப்பை ஒரு பக்கம் வெட்டிவிட்டால் போதும்.

காய்கறிகளுக்கு எக்டருக்கு 25 டன் தொழு உரம் என்பது பரிந்துரை. உங்கள் பாத்திக்கு அது சுமார் 8 கிலோ. நன்கு மக்கிய எருவாக இருக்கட்டும். பச்சைச் சாணத்தைப் போட்டால் கரையானும் வேர்ப்புழுவும் வரும். எரு இருந்தால் பையில் விற்கும் உரக்கலவையும் தொட்டியும் தேவையில்லை.

செடி முளைத்து அரையடி வளர்ந்ததும் காய்ந்த இலை, கரும்புச் சோகை, கடலைக்கொடி என எது கிடைக்கிறதோ அதை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் போட வேண்டாம். வெயில் நேரடியாக மண்ணில் படாவிட்டால், ஊற்றிய குடம் செடிக்கே போய்ச் சேரும். தண்ணீரை மாலையில் ஊற்றுங்கள்.

எதை விதைப்பது?

முதல் பாத்தியில் வெண்டை. வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்கு ஒரு அடி இடைவெளியில் 20 செடிகள் நிற்கும். விதையை இரவு முழுவதும் ஊறவைத்து ஊன்றுங்கள். மாசி முதல் வாரத்தில் ஊன்றினால் பங்குனிக் கடைசியில் பறிக்கலாம்.

இரண்டாம் பாத்தியில் கொத்தவரை. வறட்சியைத் தாங்கும் பயிர். பூசா நவ்பஹார் போன்ற ரகங்களை அரையடிக்கு ஒன்றாக ஊன்றலாம்.

மூன்றாம் பாத்தியில் பாதி கீரை, பாதி கத்தரி. அரைக்கீரையில் கோ 3 ரகம் பல முறை அறுக்க ஏற்றது. ஒரு சிட்டிகை விதையை மணலோடு கலந்து தூவுங்கள். மீதிப் பாதியில், ஒரு மாத வயதுள்ள கத்தரி நாற்றுகள் நான்கு போதும்.

தக்காளியை இந்தப் பட்டத்தில் தவிர்ப்பது நல்லது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்காது.

வீட்டில் பழைய விதை இருந்தால் 20 விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஒரு வாரத்தில் 14, 15 முளைத்தால் நல்ல விதை. பாதிகூட முளைக்காவிட்டால் அதை நம்ப வேண்டாம்.

பூச்சியும் நோயும்

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். எந்த மருந்துக்கும் குணமாகாது. அந்தச் செடியை அன்றே பிடுங்கி அழித்துவிடுங்கள். மற்ற செடிகள் பிழைக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு விதை

செலவு உண்மையில் குறைவது இரண்டாம் ஆண்டில்தான். வீரிய ஒட்டு ரகத்தில் எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது. சாதாரண ரகம் வாங்கினால் விதை எடுக்கலாம். நோயில்லாத இரண்டு வெண்டைச் செடிகளில் காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, உலர்த்தி, சாம்பல் கலந்து புட்டியில் அடைத்துவையுங்கள். கொத்தவரைக்கும் இதே முறைதான்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. மாசியில் விதைப் பொட்டலம் கொடுக்கும்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்பதோடு, தினமும் எத்தனை குடம் தண்ணீர் மிஞ்சும் என்றும் கேளுங்கள். ஒரு குடம் மிஞ்சும் வீட்டுக்கு ஒரு பாத்திக்கான விதையை மட்டும் கொடுங்கள்.

நீங்கள் இன்றே மண்வெட்டி எடுக்க வேண்டாம். மூன்று நாள், கழுவிக் கொட்டும் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு கயிறு கட்டிப் பாத்தி அளக்கலாம்.