பெரட்டில் கூப்பிட்ட பெயர்

சென்ற மாதம் சங்க வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தோம். கூட்டம் முடிந்து பஸ் ஏற இரண்டு மணி நேரம் இருந்தது. கூட வந்த தோழர்கள் சாமான் வாங்கத் தேக்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். நாம் மட்டும் எஸ்பிளனேட் கடலோரப் பூங்காவுக்கு நடந்தோம். அங்கே 1995-ஆம் ஆண்டு வைத்த ஒரு நினைவுக் குறி இருக்கிறது. பிள்ளைகள் ஐஸ்கிரீமும் கையுமாக அதைச் சுற்றி ஓடுகின்றன. நின்று படிப்பவர் யாருமில்லை.

அந்த இடத்தில்தான் 1945 ஜூலை 8-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஒரு சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இந்திய தேசிய ராணுவத்தில், நம் பாட்டன்மார் ஐ.என்.ஏ. என்று சொன்ன படையில், சேர்ந்து மாண்ட பெயர் தெரியாத வீரனுக்காக எழுப்பிய சின்னம். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று சொற்கள் அதில் இருந்தன. ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் திரும்பி வந்த வெள்ளைக்காரன் அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டான். செத்துப்போனவன் மேல் அத்தனை பயம்!

அதே சிங்கப்பூரில் கிராஞ்சியில் போர்க் கல்லறை இருக்கிறது. பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டு, அடக்கமான இடம் தெரியாமல் போன 24,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பெயர்களை அங்கே சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அதில் உண்டு. அதில் நமக்குக் குறையில்லை. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். ஆனால் நம் லயத்திலிருந்து போனவன் பெயரை எந்தச் சுவரில் தேடுவது?

இதை நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் நமக்குச் சுருக்கென்றது. பெயர் தெரியாத வீரன் ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறாரே! அவர் பெயர் என்ன? நமக்குத் தெரியாது.

அவர் நம் அம்மாவைப் பெற்ற பாட்டிக்குத் தம்பி. பாட்டி அவரைத் ‘தம்பி’ என்றே சொல்லும். அம்மாவுக்கு ‘படைக்குப் போன மாமா’. நமக்குச் சின்னத் தாத்தா. பத்தொன்பது வயசிலே போனவர் எப்படித் தாத்தா ஆனார் என்று சிறுவயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறோம். அவர் செத்த தேதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் வீட்டில் படையல். வாழை இலையில் எல்லாருக்கும் வைத்துவிட்டு, ஓரமாக அவருக்கென்று ஒரு சுருட்டு. அவர் சுருட்டுக் குடித்தாரோ இல்லையோ, ஆம்பிளை என்பதால் வைத்தார்கள்.

கிள்ளான் பக்கத்துத் தோட்டம். 1941-இல் அந்த வட்டாரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவருக்கு வயது பதினேழு. சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பெண்பிள்ளைகளிடம் வம்பு செய்யாதே என்றார்கள். சைக்கிளில் போகும் தொழிலாளி, துரையைக் கண்டால் இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை எடு என்பதும் ஒரு கோரிக்கை. தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. 1942-லிருந்து சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தான். பல்லாயிரம் தமிழர்கள் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். அது தனிக் கதை.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். சரணடைந்த இந்தியச் சிப்பாய்களோடு தோட்டத்துப் பிள்ளைகளும் படையில் சேர்ந்தார்கள். அக்டோபரில் ஜான்சி ராணி படைக்கு முகாம் திறந்தார்கள். கேப்டன் லட்சுமியின் கீழ் நம் பெண்களும் துப்பாக்கி பிடித்தார்கள். சின்னத் தாத்தா போனதும் அந்த ஆண்டுதான்.

ஏன் போனார்? மேடையில் கேட்டால் நாட்டுப்பற்று என்பார்கள். பாட்டி சொன்னது வேறு. “சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போயி மண்ணு சொமக்கிறதுக்கு, துப்பாக்கி சொமந்தாலும் மருவாதின்னு போயிட்டான்டா. சோறு போடுவாங்கன்னும் சொன்னாங்க.” பசியும் பயமும் இருந்தன என்பதற்காக அவர் தியாகத்தில் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையாது என்பது நம் எண்ணம். சைக்கிளை விட்டு இறங்கி நின்ற பையனிடம் ‘நெஞ்சை நிமிர்த்தி நில்’ என்று முதன்முதலில் சொன்னது அந்தப் படைதான்.

ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர் நம்மைக் கேட்டார்: “அண்ணே, நம்ம ஆளுங்கள ரயில் பாதையில கொன்ன ஜப்பான்காரனோட சேர்ந்த படைதானே அது?” நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது. ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை ஜப்பான்காரன் அடியில் சயாமில் செத்தான். அடுத்த வீட்டுப் பிள்ளை அதே ஜப்பான்காரன் பக்கம் நின்று பர்மாவில் செத்தான். வெள்ளைக்காரனை விரட்ட வேறு துணை கிடைக்கவில்லை என்று தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். அது சரியா தப்பா என்று படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பத்தொன்பது வயசுப் பால்மரம் சீவுகிற பிள்ளைக்கு முன்னால் எத்தனை வழி திறந்திருந்தது என்பதையும் அந்த வாதத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

1944 மார்ச்சில் இம்பாலை நோக்கிப் போன படை, மழையிலும் பட்டினியிலும் மலேரியாவிலும் நொறுங்கித் திரும்பியது. குண்டு பட்டு மாண்டவர்களைவிடப் பசியிலும் நோயிலும் மாண்டவர்கள் அதிகம். 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை ஐராவதி ஆற்றைக் கடக்க வந்தது. நியாங்கு, பாகான் கரையில் தில்லானின் கீழ் அதை எதிர்த்து நின்ற நேரு ரெஜிமெண்டில் மலாயாத் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அந்தப் பக்கம் டாங்கி, பீரங்கி, ஆகாய விமானம். இந்தப் பக்கம் கைத்துப்பாக்கியும் வயிற்றுப் பசியும்.

போர் முடிந்து, கூடப் போன ஒருவர் தோட்டத்துக்குத் திரும்பினார். “பெரிய ஆத்தங்கரையில குண்டு விழுந்துச்சு. நான் திரும்பிப் பார்த்தப்ப ஆளு இல்ல.” இவ்வளவுதான் சேதி. பிணமில்லை, துணிமணி இல்லை. கொள்ளுப்பாட்டி நம்பவில்லை. மகனுடைய பால்வெட்டு உளிக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக் கூரையில் செருகி வைத்திருந்தார். அவர் கண்ணை மூடும்வரை அதை வேறு யாரும் தொடவில்லை.

திரும்பி வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1946, 47-இல் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு எதிராக எழுந்த தொண்டர் படையில் ஐ.என்.ஏ. பழக்கம் இருந்தது. அந்த அணிவகுப்புக் காலடி பிறகு சங்கத்துக்குள்ளும் வந்தது.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மறுவாரம் சின்னப் பாட்டியைப் பார்க்கப் போனோம். பாட்டியின் கடைசித் தங்கை; அண்ணன் படைக்குப் போனபோது எட்டு வயசு. இப்போது தொண்ணூறை எட்டிவிட்டார். தோட்டத்தை விற்று லயத்தை இடித்தாகிவிட்டது. அடுக்குமாடி வீட்டில் நாலாவது மாடியில் பேத்தியோடு இருக்கிறார். பெயரைக் கேட்டதும், “அண்ணனப் பேரு சொல்லி நான் எங்கடா கூப்புட்டேன்?” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நமக்கு நம்பிக்கை போய்விட்டது. பிறகு அவராகவே சொன்னார்:

“போன மறுநாள் பெரட்டுல கிராணி பேரு கூப்புட்டாரு. அம்மா முந்தானையப் புடிச்சிக்கிட்டு நானும் நிக்கிறேன். யாரும் பதில் சொல்லல. இன்னொரு வாட்டி கூப்புட்டாரு. ‘அவன் சண்டைக்குப் போயிட்டான் ஐயா’ன்னு அம்மா சொல்லிச்சு. கிராணி பென்சிலால ஒரு கோடு போட்டாரு.” அப்படிச் சொல்லிவிட்டு, கிராணி கூப்பிட்ட மாதிரியே, தகப்பன் பெயரோடு சேர்த்து அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். சமையற்கட்டிலிருந்து பேத்தி எட்டிப் பார்த்தது.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். சயாமுக்குப் போனவராகவும் இருக்கலாம், படைக்குப் போனவராகவும் இருக்கலாம். பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்குங்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், போன ஆண்டு, இவ்வளவு எழுதினால் போதும். தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே கேளுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் நாம் சேர்த்து எழுதிக்கொள்கிறோம். நம் நோட்டில் முதல் வரி எழுதியாகிவிட்டது.

அந்தப் பெயரை இங்கே அச்சில் போட நமக்கும் ஆசைதான். சின்னப் பாட்டி விடவில்லை. “ஆடி அமாவாசைக்கு எலை போட்டு, அவன் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்புடு. அப்புறமா பேப்பர்ல போடு” என்று சொல்லிவிட்டார்.