பெரிய டயர் பொருத்தினால் ஜீப் மேடு ஏறத் திணறுவது ஏன்? ஆக்சில் கியர் விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாயாபந்தர்: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேர்) மாயாபந்தருக்குச் சாலை வழியாகச் செல்ல ஏறத்தாழ 240 கி.மீ. பயணிக்க வேண்டும். அந்தமான் டிரங்க் ரோடு எனப்படும் இந்தச் சாலை, ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஜாரவா பழங்குடியினர் காப்புப் பகுதிக்குள் நுழைகிறது. அங்கு வாகனங்கள் குறித்த நேரத்தில் அணிவகுத்தே செல்ல வேண்டும்; வழியில் நிறுத்தவோ, முந்தவோ அனுமதி இல்லை. ஆண்டின் பாதிக்கும் மேல் மழை பெய்யும் இத்தீவுகளில், பிரதான சாலையை விட்டு விலகினால் சேறும் சரிவும்தான்.

இத்தகைய நிலப்பரப்பில் தார், ஜிம்னி, கூர்கா போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்களுக்குப் பெரிய டயர் பொருத்தும் ஆசை எழுவது இயல்பே. டயர் பெரிதானால் வாகனத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து உயரும்; பள்ளத்தையும் கல்லையும் எளிதில் கடக்கும். ஆனால், அதே வாகனம் மேட்டில் முன்பைவிடத் திணறும், கிளட்ச் சூடாகும். எஞ்சினில் பழுது ஏதும் இல்லாமலேயே இது நிகழ்கிறது. காரணம், ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களின் கணக்கு மாறிப்போவதுதான்.

ஆக்சிலுக்குள் நடப்பது என்ன?

எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டியையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் கடந்து, ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தெரியும் கூட்டுக்குள் வந்து சேர்கிறது. பட்டறைகளில் 'கிரவுன் பினியன்' என்று அழைக்கப்படும் பல்சக்கர இணை அங்குதான் உள்ளது. சிறியது பினியன், பெரியது கிரவுன். பினியனில் 10 பற்களும் கிரவுனில் 41 பற்களும் இருந்தால் விகிதம் 4.10 ஆகும். அதாவது, சக்கரம் ஒருமுறை சுழல, எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் தண்டு 4.1 முறை சுழல வேண்டும். இந்த எண் கூடினால் இழுவைத் திறன் கூடும், வேகம் குறையும். எண் குறைந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகத் தூரம் உருள்கிறது. கியர் கொண்ட சைக்கிளில் மேடு ஏறும்போது, பின்சக்கரத்தில் சங்கிலியைச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டு மிதிப்பதற்கு ஒப்பானது இது. ஒவ்வொரு மிதிக்கும் தூரம் கூடுதல். ஆனால் கால் வலிக்கும். வாகனத்தில் அந்த வலி கிளட்ச்சுக்கும் எஞ்சினுக்கும் போய்ச் சேர்கிறது.

கணக்கு இதுதான்

மாருதி சுசுகி ஜிம்னியின் நிறுவன டயர் அளவு 195/80 ஆர்15. முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் அளவு. இதன்படி டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ. வருகிறது. இதற்குப் பதிலாக 235/75 ஆர்15 டயரைப் பொருத்தினால் விட்டம் சுமார் 733 மி.மீ. ஆகும். உயர்வு ஏறத்தாழ 5.8 சதவீதம்.

கைமுறை கியர் கொண்ட ஜிம்னியின் ஆக்சில் விகிதம் 4.090. புதிய விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து, வரும் விடையை 4.090 உடன் பெருக்கினால் 4.33 கிடைக்கிறது. பழைய இழுவை அப்படியே வேண்டுமெனில், இந்த எண்ணை ஒட்டிய கிரவுன் பினியன் தேவை. எதையும் மாற்றாமல் விட்டால், வாகனம் 3.86 விகிதத்தில் ஓடுவதைப் போல நடந்துகொள்ளும். தானியங்கி கியர் கொண்ட ஜிம்னிக்கு சுசுகி தரும் விகிதம் 4.300 என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பெரிய டயருக்குத் தேவைப்படும் எண்ணுக்கு அது மிக நெருக்கமாக உள்ளது.

ஆனால், இந்தக் கணக்கு விட்டத்தை மட்டுமே பார்க்கிறது. பெரிய டயரின் எடையை அது கணக்கில் கொள்வதில்லை. அமெரிக்காவின் ஜீப் நிறுவனம் செய்தது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் ரேங்லர் ரூபிகான் வாகனம் ஏறத்தாழ 33 அங்குல டயருடனும் 4.10 விகிதத்துடனும் விற்பனையானது. 2021-ஆம் ஆண்டு மாடலில் 35 அங்குல டயர் கொண்ட தொகுப்பை அறிமுகப்படுத்தியபோது, வெறும் விகிதக் கணக்குப்படி 4.35 போதும், நிறுவனமோ 4.56-ஐத் தேர்ந்தெடுத்தது. கனமான டயரைச் சுழற்றித் தொடங்கவும் கூடுதல் வலு வேண்டும் என்பதே இதன் பொருள். ஆகவே, கணக்கில் வரும் எண் இரண்டு கிரவுன் பினியன்களுக்கு நடுவே விழுந்தால், மலைப்பாதைகளில் ஓடும் வாகனத்துக்குப் பெரிய எண்ணே பொருத்தம். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடுபவருக்குத்தான் சிறிய எண் லாபம். மாயாபந்தரில் அந்த வேகத்துக்கு வாய்ப்பும் இல்லை, தேவையும் இல்லை.

எஞ்சினையும் பார்க்க வேண்டும். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் அதிகபட்சமாகத் தருவது சுமார் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதுவும் 4,000 சுழற்சியில். மஹிந்திரா தாரின் 2.2 லிட்டர் டீசல் எஞ்சின் 300 நியூட்டன் மீட்டரை மிகக் குறைந்த சுழற்சியிலேயே தந்துவிடும். எனவே, டயரில் ஐந்து சதவீத உயர்வை டீசல் தார் பொறுத்துக்கொள்ளும். ஜிம்னி உடனே உணர்த்திவிடும்.

'லோ கியர் இருக்கிறதே, அது போதாதா?' என்று சிலர் கேட்கக்கூடும். ஜிம்னியின் லோ ரேஞ்ச் 2.002, அதாவது இழுவையை இரு மடங்காக்குவது. சேற்றிலும் பாறையிலும் அது போதுமானதே. ஆனால், தார்ச்சாலையில் நான்கு சக்கரங்களையும் இணைத்து ஓட்டக் கூடாது என்பதால், அன்றாட மேடுகளில் அது கைகொடுக்காது.

இறக்கத்தில்தான் ஆபத்து

மேட்டில் திணறுவது எரிச்சல் மட்டுமே. இறக்கத்தில் கதை வேறு. விகிதம் குறைந்த வாகனத்தை இரண்டாவது கியரில் இறக்கினாலும் எஞ்சின் பிடித்து நிறுத்தும் தன்மை குறைந்திருக்கும். அந்தச் சுமை முழுவதும் பிரேக்குக்குச் செல்லும். பெரிய, கனமான டயரை நிறுத்த பிரேக் ஏற்கெனவே கூடுதலாக உழைக்கிறது. கிரவுன் பினியனை மாற்றினால் எஞ்சின் பிடிப்பு திரும்பும்; பிரேக்கின் கூடுதல் உழைப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். மேற்கண்ட டயரில் முள் 60 காட்டும்போது உண்மையான வேகம் 63-ஐத் தாண்டியிருக்கும். ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும். 'பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது' என்ற புகாரில் ஒரு பகுதி இந்தப் பதிவுப் பிழையே.

முன்னும் பின்னும் ஒரே விகிதம்

இந்த வாகனங்களில் இரண்டு ஆக்சில்களிலும் கிரவுன் பினியன் உண்டு. பின்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயலும். இறுதியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். எனவே செலவு எப்போதும் இரட்டிப்பு. பற்களுக்கு இடையிலான இடைவெளியை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாக அமைக்கவும் வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த கைகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. உதிரிபாகம் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டுமெனில், கடற்பயணத்துக்கே மூன்று நாள் அளவு ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182-ஏ பிரிவு இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைக் கேள்வியாக எழுப்பலாம்.

தார் வாகனத்தை மஹிந்திராவே 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என இரு டயர் அளவுகளில் விற்றுள்ளது. இரண்டுக்கும் விட்டத்தில் உள்ள வேறுபாடு வெறும் 15 மி.மீ. நிறுவனம் அனுமதித்த அளவுக்குள் நின்று, சேற்றைப் பிடிக்கும் ஆழமான வரிகள் கொண்ட டயரைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கிரவுன் பினியனைத் தொட வேண்டிய தேவையே எழாது. மாயாபந்தர் சாலைகளுக்குப் பெரும்பாலோருக்கு இதுவே போதுமானது.

அதையும் மீறி உரிய அனுமதியுடன் மாற்றுபவர்கள், புதிய பற்கள் ஒன்றோடொன்று இணங்கும் வரை முதல் சில நூறு கிலோமீட்டர் தூரத்துக்குச் சுமையின்றி நிதானமாக ஓட்டி, பின்னர் ஆக்சில் எண்ணெயை மாற்ற வேண்டும். வடியும் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீரைக் கடந்தபோது ஆக்சிலுக்குள் தண்ணீர் புகுந்துள்ளது என்று பொருள். காற்றுப்போக்கிக் குழாயை உயரமான இடத்துக்கு மாற்றிய பிறகே மீண்டும் ஓட்ட வேண்டும்.