ஒற்றை வால்வில் மூன்று வாட் ஒலி மிகைப்பி

1947-ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் தோன்றியபின், வானொலிப் பெட்டிகளில் வால்வுகள் வகித்துவந்த இடம் சிறிது சிறிதாக அதன் வசமாயிற்று. ஆயினும் ஆம்பிளிபயர் என்று கடைகளில் வழங்கும் ஒலி மிகைப்பியைத் தம் கையாலேயே அமைத்துப் பார்க்க விழையும் அன்பர்கள் இன்றும் வால்வையே நாடுகின்றனர். உறுப்புகள் சிலவே, ஒவ்வொன்றின் தொழிலும் கண்ணுக்குப் புலனாவது. ஆனால் டிரான்சிஸ்டர் கருவியில் இல்லாத ஓர் அபாயம் இதில் உண்டு. உயிரைப் போக்கவல்ல மின்னழுத்தம் இதற்குள் நிலவுகிறது. இதை மறவாதவரே இவ்வேலையில் இறங்கத் தக்கவர்.

சிறு மிகைப்பிக்கு ஏற்றது இ.சி.எல். 82 என்னும் வால்வு. ஒரே கண்ணாடிக் குமிழினுள் ஒரு டிரையோடும் ஒரு பென்டோடும் அமைந்தது இது. காதோடு சூடேறியதும் எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டுத் தட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையிலுள்ள கிரிட் என்னும் கம்பிவலையின் அழுத்தம் சிறிது மாறினாலும் அப்பாய்ச்சல் பெரிதும் மாறுகிறது. டிரையோடு அழுத்தத்தைப் பெருக்கித் தர, பென்டோடு அதைக்கொண்டு ஒலிபெருக்கியை இயக்கும் சக்தியை அளிக்கிறது. பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் வானொலி வால்வுகள் செய்யத் தொடங்கியது. அதன் முத்திரை தாங்கிய வால்வுகள் பழைய வானொலிக் கடைகளில் கிடைப்பதுண்டு. வாங்கும்போது பெயரின் முதலெழுத்தைக் கவனித்தல் வேண்டும். பி.சி.எல். 82-க்கும் யு.சி.எல். 82-க்கும் கால்களின் அமைப்பு ஒன்றே. சூடேற்றும் இழைக்கு வேண்டிய அழுத்தமோ முறையே 16 வோல்ட்டும் 50 வோல்ட்டும் ஆகும். நமக்கு வேண்டியது 6.3 வோல்ட்டு இழை.

யு வகை வால்வுகள் ஏசி-டிசி பெட்டிகளுக்கென ஏற்பட்டவை. அப்பெட்டிகளில் டிரான்ஸ்பார்மர் இல்லை. வீட்டு மின்கம்பி நேரே சேஸிஸ் தகட்டைத் தொட்டிருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் தகட்டில் 230 வோல்ட்டு ஏறிவிடும். செலவு குறையும் என்று கருதி இம்முறையைப் பின்பற்றுவது பெருந்தவறு. 180 வோல்ட்டு, 100 மில்லி ஆம்பியர் சுருளும், 6.3 வோல்ட்டு, 1 ஆம்பியர் சுருளும் கொண்ட டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும். உள்வரும் கம்பியில் அரை ஆம்பியர் பியூஸ் அமைத்து, சேஸிஸை எர்த்துடன் இணைக்க வேண்டும்.

நான்கு சிலிக்கன் டயோடுகள் மின்சாரத்தை ஒருதிசைப்படுத்த, 47 மைக்ரோபாரட் கண்டென்சர்கள் இரண்டும் அவற்றினிடையே 470 ஓம், 5 வாட் மின்தடையும் அலைவை அடக்கும். முடிவில் கிடைப்பது சுமார் 220 வோல்ட்டு. இதற்கு மேல் செல்லலாகாது. பென்டோடின் தட்டில் அப்போதே 7 வாட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் எழுகிறது, 7 வாட்டே அது தாங்கும் எல்லை. கண்டென்சர்கள் மட்டும் 400 வோல்ட்டு தாங்குவனவாக இருத்தல் வேண்டும். வால்வு சூடேறும்வரை மின்னோட்டம் இல்லாமையால் அழுத்தம் 250 வோல்ட்டைத் தாண்டி நிற்கும் என்பதே காரணம்.

கருவியை நிறுத்தியபின்னும் இக்கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கிநிற்கும். இரண்டாவதன் குறுக்கே 100 கிலோ ஓம், 2 வாட் மின்தடையை நிலையாக இணைத்துவிட்டால், அரை நிமிடத்தில் அது பெரும்பாலும் வடிந்துவிடும். அதன் பிறகும் வோல்ட்டு மீட்டரால் அளந்து பாராமல் உள்ளே விரல் வைக்கலாகாது. பழகிய வானொலி மெக்கானிக்குகள் அளக்கும்போது ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது வேடிக்கைக்காக அன்று. மின்சாரம் இரு கைகளுக்கிடையே இதயத்தின் வழியே பாயாதிருக்கவே.

பென்டோடின் தட்டுக்கு 5600 ஓம் அளவான சுமை பொருந்தும். ஒலிபெருக்கியோ 8 ஓம். இவ்விரண்டின் விகிதம் 700. அதன் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 26½-க்கு 1 என்பதே வெளியீட்டு டிரான்ஸ்பார்மரின் சுற்று விகிதம். இதன் இரும்புத் தகடுகளிடையே சிறு காற்றிடைவெளி இருக்க வேண்டும். இல்லையேல் ஒரே திசையில் ஓயாது பாயும் 35 மில்லி ஆம்பியர் இரும்பைக் காந்தத்தால் நிரப்பிவிடும், தாழ்ந்த சுருதிகள் சிதையும். சாதாரண மின் டிரான்ஸ்பார்மர் இங்கு உதவாது. ஒலிபெருக்கியை இணைக்காமல் கருவியை ஓட்டவும் கூடாது.

இரு பகுதிகளையும் இணைக்கும் 0.022 மைக்ரோபாரட் கண்டென்சர் புதியதாகவே இருக்கட்டும். பழைய காகிதக் கண்டென்சர் கசியுமாயின், டிரையோடு தட்டின் அழுத்தம் பென்டோடின் கிரிட்டில் ஏறி, வால்வும் டிரான்ஸ்பார்மரும் ஒருங்கே கெடும். பென்டோடின் காதோடிலுள்ள 390 ஓம், 2 வாட் மின்தடையின் குறுக்கே அளந்தால் இது புலப்படும். அங்கே சுமார் 16 வோல்ட்டு நின்றால் நலம். அது மேன்மேலும் ஏறினால் உடனே நிறுத்துக.

இழைக் கம்பிகளை முறுக்கித் தகட்டை ஒட்டி இட்டால் ரீங்காரம் குறையும். பென்டோடு இயல்பாகவே ஒலியைச் சற்றுத் திரிப்பது. வெளியீட்டிலிருந்து 22 கிலோ ஓம் வழியாகச் சிறு பங்கை, 2.2 கிலோ ஓம் மின்தடை கொண்ட டிரையோடு காதோடுக்குத் திருப்பினால் அது பெரிதும் சீராகும். அப்போது உள்ளீட்டில் ஏறத்தாழ 1 வோல்ட்டு வேண்டியிருக்கும். குறுந்தட்டுக் கருவி இதனை எளிதில் தரும். திருப்பு கம்பியை இணைத்தவுடன் கருவி ஊளையிடுமானால், வெளியீட்டு டிரான்ஸ்பார்மரின் தட்டுப்பக்கச் சுருளின் இரு முனைகளையும், கருவியை நிறுத்தி மின்சாரம் வடிந்தபின், இடம் மாற்றி இணைக்க வேண்டும்.