ஒட்டு விமானமும் ஆஸ்துமாவும்

ஆஸ்துமாவுக்காக என்னிடம் சிகிச்சை பெறும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, மாதிரி விமானம் செய்வதில் பேரார்வம். ஒரு பெட்டியின் உடற்பகுதியில் வேறொன்றின் இறக்கையைப் பொருத்தி, எங்கும் பறந்திராத விமானத்தைப் படைப்பார். வெறும் விளையாட்டென நினைக்க வேண்டாம்; இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் உண்மையாகவே இரண்டு ஹைன்கெல் 111 விமானங்களை இணைத்து, நடுவே ஐந்தாவது எஞ்சினையும் வைத்து, பெரிய கிளைடர்களை இழுக்கச் செய்தனர்.

ஓர் இரவு மூச்சுத்திணறலுடன் வந்தவர், "இதையும் விட்டுவிட வேண்டுமா, டாக்டர்?" என்று கேட்டார். விட வேண்டியதில்லை என்றேன். முறையை மாற்றினால் போதும்.

அளவு 1/72 என ஒன்றாகவே இருந்தாலும், வெவ்வேறு பெட்டிகளின் பாகங்கள் எளிதில் பொருந்தா. இடைவெளியைப் புட்டியால் அடைத்து, நெடுநேரம் தேய்க்க நேரும். ஆகவே இவ்வேலையில் தூசியும் பசையின் ஆவியும் மிகுதி. சூப்பர் குளூ எனப்படும் உடனடிப் பசையின் ஆவி சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டவல்லது. அவர் மூடிய அறையில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஒட்டியிருக்கிறார். சிறு பாகங்கள் பறந்துவிடுமாம்!

ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி எழாது. என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தடுப்பு இன்ஹேலரை ஒருநாளும் விடாதீர்கள். நிவாரண இன்ஹேலர் மேசைமீதே இருக்கட்டும். அதற்கும் மூச்சிரைப்பு தணியாவிடில், விடியும்வரை காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.