பால் பல்லை அறிவியலுக்குக் கொடுத்த பிள்ளைகள்

பிள்ளைக்குப் பால் பல் விழுந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்வார்கள் பாட்டிமார்கள். தோட்டத்து லயங்களின் தகரக் கூரைகளில் அப்படி எத்தனையோ பற்கள் போய் விழுந்திருக்கும். அமெரிக்காவில் பிள்ளைகள் பல்லைத் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். இரவில் தேவதை வந்து அதை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்பது அங்குள்ள வழக்கம். ஆனால், 1958ஆம் ஆண்டு இறுதியில் மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. விழுந்த பல்லை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள்.

எதற்காக? அணுகுண்டுச் சோதனையின் கழிவு பிள்ளைகளின் உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பதற்காக.

அப்போதெல்லாம் அணுகுண்டுகளைத் திறந்த வெளியில்தான் வெடித்துச் சோதித்தார்கள். நெவாடா பாலைவனத்தில் மட்டும் 1951 முதல் 1962 வரை 100 குண்டுகள் வானத்தை நோக்கி வெடித்தன. சோவியத் யூனியனும் பிரிட்டனும் தத்தம் பங்குக்கு வெடித்தன. வெடித்ததும் கிளம்பும் கதிரியக்கத் தூசி காற்றோடு பல நூறு மைல் போய், மழையோடு இறங்கும். அதில் ஸ்டிரான்சியம்-90 என்றொரு பொருள் உண்டு. நம் உடம்புக்கு அதுவும் சுண்ணாம்புச் சத்தான கால்சியமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரித்துப் பார்க்கத் தெரியாது. தூசி புல்லில் விழும். புல்லை மாடு தின்னும். மாட்டின் பாலைப் பிள்ளை குடிக்கும். பாலிலுள்ள கால்சியம் எங்கே போகுமோ அங்கேதான் இதுவும் போகும், எலும்புக்கும் பல்லுக்கும். அங்கே தங்கிய ஸ்டிரான்சியம்-90 பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் சொல்லிவந்தது. குண்டு தயாரிப்பதும் அந்த ஆணையம்தான், குண்டால் ஆபத்தில்லை என்று சான்று தருவதும் அதே ஆணையம்தான். உண்மையில் அவர்களுக்கும் சந்தேகம் இருந்தது. 1953லிருந்தே 'சூரிய ஒளித் திட்டம்' என்ற பெயரில், பல நாடுகளிலிருந்து இறந்தவர்களின் எலும்புகளை இரகசியமாகத் திரட்டிச் சோதித்தார்கள். அவற்றில் இறந்த பச்சிளங்குழந்தைகளின் எலும்புகளும் உண்டு. பல பெற்றோருக்கு அது தெரியவே தெரியாது.

செயிண்ட் லூயிஸ் மக்கள் செய்தது இதற்கு நேர் எதிரானது. 1958இல் அங்கே அணுசக்தித் தகவலுக்கான குடிமக்கள் குழு ஒன்று உருவானது. வாஷிங்டன் பல்கலைக்கழக உயிரியலாளர் பேரி காமனர் போன்ற விஞ்ஞானிகளும், மருத்துவர்களும், ஊர்ப் பெண்மணிகளும் அதில் இருந்தார்கள். பால் பற்களைச் சோதித்தால் என்ன என்ற யோசனையை ஹெர்மன் கால்கர் என்ற விஞ்ஞானி அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதியிருந்தார். குழு அதைப் பிடித்துக்கொண்டது.

பால் பல் அருமையான சாட்சி. கர்ப்பத்திலும் பிறந்த முதல் ஆண்டிலும் உருவாகும்போது உள்ளே போனது பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். ஆறேழு வயதில் தானாகவே விழும். கத்தி வேண்டாம், வலி வேண்டாம். 1959இல் விழுந்த ஒரு பல், 1952இல் அந்தத் தாய் என்ன சாப்பிட்டாள், குழந்தை என்ன பால் குடித்தது என்ற பழைய கணக்கைக் கையில் வைத்திருந்தது.

டாக்டர் லூயிஸ் ரெய்ஸ் என்ற பெண் மருத்துவர் வேலையை முன்னின்று நடத்தினார். பள்ளிகளிலும் பல் மருத்துவர்களிடமும் பாரங்கள் கொடுக்கப்பட்டன. பிள்ளை பிறந்த தேதி, கர்ப்பமாக இருந்தபோது தாய் வசித்த ஊர், தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பதையெல்லாம் பெற்றோர் எழுதி அனுப்ப வேண்டும். பல் கொடுத்த பிள்ளைக்கு, 'அறிவியலுக்கு என் பல்லைக் கொடுத்தேன்' என்று எழுதிய வட்டமான பேட்ஜ் ஒன்று கிடைக்கும். பல்லைத் தேவதைக்குக் கொடுப்பதா, விஞ்ஞானிக்குக் கொடுப்பதா என்று பிள்ளைகள் குழம்பியிருக்கக்கூடும்! வந்த பற்களை வகைபிரித்து அட்டவணை போட்டவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத பெண்கள். 1970இல் ஆய்வு முடியும்போது சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பற்கள் சேர்ந்திருந்தன.

1961 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில் முதல் முடிவுகள் வந்தன. குண்டுச் சோதனைகள் கூடக்கூடப் பற்களில் ஸ்டிரான்சியம்-90 கூடியிருந்தது. பின்னர் வந்த கணக்குப்படி, 1963இல் பிறந்த பிள்ளைகளின் பற்களில் அதன் அளவு 1950இல் பிறந்தவர்களைவிடச் சுமார் 50 மடங்கு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. குழுவும் அப்படிச் சொல்லவில்லை. உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்பதை மட்டும் அளந்து சொன்னார்கள். எவ்வளவு ஆபத்து என்பதை விஞ்ஞானி கணக்கிடலாம், ஆனால் அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் மக்கள்தான் என்பது காமனரின் கொள்கை. மிகைப்படுத்தாததால்தான் அவர்களின் பேச்சு எடுபட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. "உன் பல்லில் இது இருக்கிறது" என்ற ஒரு வரியே எந்தத் தாயையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

டாக்டர் ரெய்ஸின் கணவர் எரிக் ரெய்ஸும் மருத்துவர். 1963இல் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் அவர் இந்த முடிவுகளை எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி, வானத்திலும் விண்வெளியிலும் கடலடியிலும் அணுகுண்டுச் சோதனை கூடாது என்ற ஒப்பந்தத்தில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் மூன்றும் மாஸ்கோவில் கையெழுத்திட்டன. செப்டம்பரில் செனட் அதை 80க்கு 19 என்ற வாக்குகளில் ஏற்றது.

பற்கள் மட்டுமே இதைச் சாதித்தன என்று சொன்னால் அது அதிகப்படி. 9,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு லைனஸ் பாலிங் 1958இல் ஐ.நா.வுக்கு மனு கொடுத்திருந்தார். 1961 நவம்பரில் பெண்கள் பல நகரங்களில் வீதிக்கு வந்தார்கள். 1962இன் கியூபா நெருக்கடி இரு வல்லரசுகளையும் பயமுறுத்தியிருந்தது. ஒப்பந்தம் வந்தபின் பிறந்த பிள்ளைகளின் பற்களில் ஸ்டிரான்சியம் குறையத் தொடங்கியது. ஆனால் குண்டுகள் குறையவில்லை. சோதனைகள் நிலத்தடிக்குப் போயின, கையிருப்பு ஏறிக்கொண்டே போனது.

குண்டுகளையே ஒழிக்க வேண்டும் என்ற வேலை வேறு ஊர்களில், வேறு குடிமக்களால் தொடர்ந்தது. அணுவாயுதம் சட்டப்படி சரியா என்று அனைத்துலக நீதிமன்றத்தில் கேட்க வைத்த இயக்கம் நியூசிலாந்தில் சாதாரண மக்கள் சிலரால் தொடங்கப்பட்டது. 1996இல் நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னதும், அதை நடைமுறைக்குக் கொண்டுவரக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுப் பேரவையில் முன்வைத்தது நம் மலேசியா. அணுவாயுதத் தடை ஒப்பந்தத்திலும் மலேசியா 2017இல் கையெழுத்திட்டு, 2020இல் உறுதி செய்தது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை.

செயிண்ட் லூயிஸ் பற்களில் சுமார் 85,000 பற்கள் சோதிக்கப்படாமலே கிடந்தன. 2001இல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஓரிடத்தில், பழைய வெடிமருந்துக் கிடங்கு ஒன்றுக்குள் அவை கண்டெடுக்கப்பட்டன. இன்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் அந்தப் பற்களைக் கொடுத்தவர்களைத் தேடி, அவர்களின் உடல்நிலையை விசாரித்து வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது தாத்தா பாட்டிகள்.